மும்பையில் ஜெட்டி மீன்பிடிப்பு: பணம் கட்டும் முன் திதியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. முலுண்டில் இருக்கிறீர்கள், டிசம்பர் கடைசியில் காரைக்காலிலிருந்து அப்பா வருகிறார், பையனுக்குப் பத்து வயது, மூன்று பேரும் ஒரு நாள் கடலில் தூண்டில் போட வேண்டும். இன்ஸ்டாகிராமில் ‘வழிகாட்டியுடன் ஜெட்டி மீன்பிடிப்பு, சனி ஞாயிறு காலை 6 முதல் 10 வரை, தலைக்கு 2,500 ரூபாய், மீன் நிச்சயம்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தீர்கள். ஜெட்டி என்றால் படகு ஏற இறங்கக் கட்டிய துறைமேடை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார்கள். நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆளை நம்பலாமா என்று முகம் தெரியாத நான் சொன்னால் அது ஜோசியம். ஆனால் கொடுக்கப்போகும் 7,500 ரூபாய்க்கு உண்மையில் எதை வாங்குகிறோம், அது கிடைக்குமா என்பதை வீட்டில் உட்கார்ந்தே எப்படிச் சோதிப்பது என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல முடியும்.

என்னைப் பற்றி ரெண்டு வரி, எதை வைத்துப் பேசுகிறேன் என்று தெரிவதற்காக. துறைமுகங்களில் கடலடி ஆழம் அளக்கும் வேலையில் இருந்தவன். மும்பையின் ஓதம், அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவது, என் சம்பளத்தோடு கட்டிய விஷயம், நீர்மட்டம் தெரியாமல் ஆழக் கணக்கே போட முடியாது. சயான் கோலிவாடாவில் குடியிருப்பு, வெர்சோவா, மட், மனோரிப் பக்கத்துக் கோலி மீனவ நண்பர்களோடு பல வருஷப் பழக்கம், லீவு நாளில் தூண்டில். அதனால் மும்பைக்கும் அலிபாக் பக்கத்துக்கும் நான் சொல்வதை நம்பலாம். ரத்னகிரி, மால்வண் என்று தெற்கே போனால் தண்ணீரும் வேறு, பாறையும் வேறு, அங்கே என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜெட்டியில் வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் தூண்டில் ராடுக்கோ இரைக்கோ இல்லை. எந்த நாள், எந்த மணி, எந்த ஜெட்டியின் எந்த மூலை என்று அவர் தேர்ந்தெடுப்பதற்குத்தான். நம் ஊர்க் கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்பது கொஞ்சம் கஷ்டம். காரைக்காலானாலும் சென்னையானாலும் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதனால் விடியலில் போ, அந்தியில் போ என்பதே அங்கே பாதி வித்தை. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆறு மணி நேரத்துக்குள் தண்ணீர் நாலு மீட்டருக்கு மேல் ஏறும், அடுத்த ஆறு மணி நேரத்தில் அவ்வளவும் இறங்கும். மழைக்காலத்தில் 4.5 மீட்டரைத் தாண்டும் ஓத நாட்களை மாநகராட்சி பட்டியல் போட்டுச் சொல்லுமே, அதே கடல்தான் இது. கோராயிலோ மனோரியிலோ காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் சேறும் நண்டும் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் உலகத்தின் சிறந்த ராடைக் கையில் கொடுத்தாலும் சேற்றில்தான் தூண்டில் போட வேண்டும்.

ஆக, ‘ஒவ்வொரு சனி ஞாயிறும் காலை 6 முதல் 10’ என்று நிரந்தரமாக ஒரு நேரம் போட்டிருக்கிறார் என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். மோசடி என்று சொல்லவில்லை. அவர் விற்பது ஒரு காலைநேரப் பிக்னிக், அவ்வளவுதான். ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், வாரத்துக்கு வாரம் தலைகீழாகிவிடும். ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே ஆறு மணிக்கு ஏறத்தாழ வற்றம். மீனைப் பற்றிக் கவலைப்படுகிற ஆள் மாதத்துக்குச் சில நாட்களை மட்டும்தான் தருவார், நேரத்தையும் நாளுக்கு நாள் மாற்றுவார், சில வார இறுதிகளில் ‘வேண்டாம் சார், தண்ணி இல்லை’ என்று தானே சொல்லிவிடுவார். அப்படி ஒருவர் மறுத்தால் அவர் நம்பரைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சோதிக்க உங்களுக்கு ஆப் எதுவும் தேவையில்லை, சுவரில் தொங்கும் தமிழ் தினசரிக் காலண்டர் போதும். கொங்கண் கடற்கரையில் வழிவழியாக வரும் கணக்கு ஒன்று: அன்றைய திதி எண்ணை முக்காலால் பெருக்கினால் ஏற்றம் உச்சத்தைத் தொடும் மணி கிடைக்கும். அஷ்டமி எட்டு, முக்கால் மடங்கு ஆறு, ஆக காலை ஆறு மணிவாக்கில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஆறரைவாக்கில் இன்னொன்று. ஏகாதசி பதினொன்று, எட்டேகால். அமாவாசையும் பௌர்ணமியும் பதினைந்து, பதினொன்றேகால், நடைமுறையில் உச்சிப்பொழுது என்று வைத்துக்கொள்ளலாம். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்குதான். உச்சத்திலிருந்து ஆறு மணி நேரம் சொச்சம் தள்ளினால் வற்றம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிசகும், காலண்டரில் ‘ஏகாதசி பகல் 2.10 வரை’ என்று போட்டிருக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் குழம்பும். துல்லியம் வேண்டுமென்றால் இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணை இருக்கிறது, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் தளத்திலும் பார்க்கலாம். ஏற்பாட்டாளர் சொல்வது சரியா என்று பார்க்க முக்கால் கணக்கே தாராளம்.

இப்போது அந்த 6 முதல் 10 மணியை இதில் வைத்துப் பாருங்கள். சதுர்த்தி அன்று போனால் ஏற்றம் விடிகாலை மூன்று மணிக்கே முடிந்திருக்கும், நீங்கள் நிற்கும் நேரம் பூராவும் தண்ணீர் ஓடி வடிந்துகொண்டே போய் ஒன்பதுவாக்கில் அடிமட்டத்தைத் தொடும். மோசமான தேர்வு. பௌர்ணமி அன்று போனால் முதல் ஒரு மணி நேரம் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அப்புறம் தண்ணீர் பாய்ந்து ஏறும், பத்து மணிக்கு நல்ல நேரம் தொடங்கும்போது உங்களை மூட்டை கட்டச் சொல்வார்கள். தசமி, ஏகாதசி, துவாதசி என்றால் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் ஏற்றம். ஆறு மணிக்குப் போய் நின்றால் ஏறும் தண்ணீரில் இரண்டு மணி நேரம், உச்சியில் சற்று ஓய்வு, திரும்பி வடியத் தொடங்கும்போது இன்னொரு மணி நேரம். குடும்பத்தோடு காலையில் போக இந்த மூன்று திதிகள்தான் என் முதல் தேர்வு. மாலை போவதாக இருந்தால் சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி பாருங்கள். டிசம்பர் கடைசியில் உங்களுக்கு லீவு இருக்கும் நாட்களில் எது இதில் விழுகிறது என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், அது செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும் பரவாயில்லை. வார நாளில் ஜெட்டியில் கூட்டமும் குறைவு.

ஏற்றத்தின் நேரம் போலவே ஓட்டத்தின் வேகமும் முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தைக் கோலிகள் உதாண் என்பார்கள், அஷ்டமியை ஒட்டிய சின்ன ஓதத்தைப் பாங் என்பார்கள். உதாண் நாளில் தண்ணீர் முகத்துவாரங்களில் ஆறு மாதிரி பாயும். பம்பில், அதாவது பாம்பே டக் மீனுக்கு டோல் வலை கட்டுகிறவர்களுக்கு அதுதான் அறுவடை நாள், ஏனென்றால் அந்தப் பை வலை ஒரே இடத்தில் கட்டப்பட்டிருக்கும், ஓட்டம்தான் மீனைக் கொண்டுவந்து உள்ளே தள்ள வேண்டும். தூண்டில்காரனுக்கு அதே ஓட்டம் தொல்லை. தூண்டிலில் கனத்துக்குக் கட்டிய ஈயம் அடியில் நிற்காது, நரம்பு, அதாவது தூண்டில் நூல், பக்கத்து ஆளின் நரம்போடு பின்னிக்கொள்ளும், கலங்கிய தண்ணீரில் மீனுக்கு இரை கண்ணில் படாது. பாங் நாளில் ஓட்டம் மெதுவாக இருக்கும், தண்ணீர் கொஞ்சம் தெளியும், பத்து வயதுப் பையனால் தன் தூண்டில் எங்கே கிடக்கிறது என்று உணர முடியும். ‘மீனவர்கள் நிறைய மீன் கொண்டுவந்த நாள்’ என்று யாராவது காட்டினால் மயங்க வேண்டாம், அது வலையின் நாள்.

தெளிவு என்றேன், நீலம் என்று சொல்லவில்லை. மும்பைக் கரையோரத் தண்ணீர் டிசம்பரிலும் டீ நிறம்தான், இந்தப் பெரிய ஓதம் அடிச்சேற்றைத் தினமும் நாலு தடவை கலக்கினால் வேறு எப்படி இருக்கும்? அதனால் விளம்பரப் படங்களை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். ஆள் உயரப் பாரை மீனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்க, பின்னால் தண்ணீர் கண்ணாடி மாதிரி நீலமாகத் தெரிந்தால் அது அந்தமானோ மாலத்தீவோ, மும்பை ஜெட்டி இல்லை. பழுப்புத் தண்ணீர், பாசி பிடித்த தூண், கையில் முழங்கை அளவு மீன், அதைப் பிடித்துக்கொண்டு அசடு வழியச் சிரிக்கும் சாதாரண ஆசாமி. இப்படி நாலு படம் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

‘மீன் நிச்சயம்’ என்பதற்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சரியான ஓதத்தில், புது இறாலோ துண்டு போட்ட மடவையோ இரையாக வைத்து, தூண் ஓரத்தில் அடியில் கிடத்தினால் ஏதாவது ஒன்று கடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த ஏதாவது பெரும்பாலும் கெளுத்தி, இங்கே ஷிங்காளா என்பார்கள், இல்லையென்றால் கத்தாழை, அதாவது டோமா. நண்டு இரையைத் தின்றுவிட்டுப் போவதும் நடக்கும். கொடுவா, காலா, களவா எல்லாம் இந்தக் கடலில் இருக்கின்றன, ஜெட்டியிலிருந்தும் பிடிபடுகின்றன. சந்தையில் ஜிதாடா என்று விற்பது நம் கொடுவாதான், ராவஸ் என்பது காலா. ஆனால் உங்கள் நாலு மணி நேரத்தில் அது வரும் என்று யார் சொன்னாலும் அது வியாபாரம். பாப்லெட், அதாவது வாவல், தூண்டிலுக்கு வருவதே அபூர்வம், அது வலை மீன். நிலா உச்சியில் இருக்கும் நேரத்தில் மீன் கடிக்கும் என்று மணிக்கணக்காகப் பிரித்துக் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. நிலா ஓதத்தை இழுக்கிறது, ஓதம் மீனை நகர்த்துகிறது, அதுவரை சரி. அதற்கு மேல் ‘9.40க்குக் கடிக்கும்’ என்பதெல்லாம் நம்பிக்கை. பிடிக்கும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

கெளுத்தி அதிகம் வரும் என்பதே வழிகாட்டி ஒருவர் தேவை என்பதற்குப் பெரிய காரணம். மீன் மேலே வந்ததும் பையன் ஆசையாகக் கையை நீட்டுவான். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள்ளும் விறைத்துக்கொண்டு நிற்கும், ஓரம் ரம்பம் போல இருக்கும், விஷமும் உண்டு. பழகிய ஆள் எப்படிக் கையாளுகிறார் என்று கவனித்துப் பாருங்கள்: மீனைத் தரையில் இறக்கி, ஈரச் சாக்கை மேலே போட்டு, செருப்புக் காலால் லேசாக அழுத்தி, குறட்டால் முதலில் முதுகு முள்ளை அடியோடு நறுக்குவார், பிறகு பக்க முட்கள், அதற்கப்புறம்தான் வாயிலிருந்து தூண்டில் முள்ளைத் திருகி எடுப்பார். திருப்பி விடுவதாக இருந்தால் முள்ளை நறுக்காமல் குறட்டால் தூண்டிலை மட்டும் பிடித்துத் தண்ணீருக்கு மேலேயே உதறிவிடுவார். ஏற்பாட்டாளரிடம் போனில் ‘ஷிங்காளா வந்தால் யார் கழற்றுவார்கள், எப்படி’ என்று கேட்டுப் பாருங்கள். உடனே குறடு, சாக்கு என்று பேசினால் அவர் ஜெட்டியில் நின்றவர். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்றால் இல்லை.

குத்திவிட்டால் என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கெளுத்தி, திருக்கை இரண்டின் விஷமும் சூட்டில் செயலிழக்கும் வகை. அதனால் குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைப்பதுதான் முதலுதவி. வலியில் இருக்கும் ஆளுக்குச் சூடு சரியாகத் தெரியாது, இன்னொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் டாக்டர், முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் பார்க்க வேண்டும். நான் மருத்துவன் இல்லை, குத்து ஆழமாகவோ நெஞ்சு, வயிற்றுப் பக்கமாகவோ இருந்தால் வெந்நீருக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிதான். திருக்கை இங்கே அபூர்வம் என்று நினைக்க வேண்டாம், 2013 விநாயகர் விசர்ஜனத்தில் கிர்காவ் சவுபாட்டியில் தண்ணீரில் இறங்கிய பலரைத் திருக்கை கொட்டியது. நான் ஜெட்டிக்குப் போனால் ஒரு பிளாஸ்க்கில் டீ, இன்னொன்றில் வெறும் வெந்நீர் இருக்கும்.

இடம். எந்த ஜெட்டி என்று விளம்பரத்தில் இல்லை என்கிறீர்கள், அதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சசூன் டாக், பாவ்சா தக்கா, கேட்வே என்று பெயர் வந்தால் விலகிக்கொள்ளுங்கள். துறைமுக எல்லை, கடற்படை எல்லை, பயணிகள் படகு நெரிசல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். 2008 நவம்பரில் கடல் வழியாக வந்த பயங்கரவாதிகள் கொலாபா மீனவர் குடியிருப்பில் இறங்கியதற்குப் பிறகு இந்த நகரத்தின் கரையில் தெரியாத முகம் பையோடு நின்றால் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். ‘ட்ரோன் வீடியோ இலவசம்’ என்று சேர்த்திருந்தால் அதுவும் ஆகாது, மும்பைப் போலீஸ் ட்ரோனுக்கு அடிக்கடி தடை உத்தரவு போடுகிறது. வடக்கே வெர்சோவா, மட், மார்வே, மனோரி, கோராய்ப் பக்கங்கள்தான் சாத்தியம். அங்கும் ஜெட்டி என்பது படகு ஏற இறங்கவும் மீன் இறக்கவும் கட்டிய இடம். மகாராஷ்டிரா கடல்சார் வாரியத்தின் பொறுப்பில் உள்ளவை உண்டு, நடைமுறையில் ஊர்க் கோலிகளின் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதனால் வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, இல்லையென்றால் அங்குள்ள மீனவர் சொசைட்டியில் யாரைத் தெரியும் என்று கேளுங்கள். ஊர்க்காரர் கூட இருந்தால் மீன் இறக்கும் பெண்கள் கூடைக்கு வழிவிட நீங்கள் ஒதுங்கும் இரண்டு நிமிடத்தோடு பிரச்சினை முடிந்துவிடும், இல்லையென்றால் அங்கேதான் தொடங்கும்.

மீன்பிடித் தடைக்காலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மகாராஷ்டிராவில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்குத் தடை, டிசம்பருக்கு அது பொருந்தாது. அந்த மாதங்களில் ஜெட்டியில் நிற்பதையும் நான் சிபாரிசு செய்வதில்லை, அதற்குக் காரணம் சட்டம் இல்லை, அலையும் பாசியும்.

அப்பாவுக்கும் பையனுக்கும் வருகிறேன். ஜெட்டியின் படியைக் கவனித்தால் ஒரு கோடு தெரியும்: மேலே வெளுத்த காய்ந்த சிமெண்ட், கீழே பச்சை. அந்தப் பச்சை தினமும் ஓதத்தில் மூழ்கி எழும் பகுதி, எண்ணெய் பூசின மாதிரி வழுக்கும். மீன் மாட்டியதும் அதை எட்டிப் பிடிக்கிற அவசரத்தில் எல்லாரும் அந்தப் பச்சைக்குத்தான் இறங்குகிறார்கள். அதனால் தூக்கு வலை இருக்கிறதா என்று கேளுங்கள், வட்ட வளையத்தில் வலை கட்டி நீளமான கயிற்றில் மேலிருந்து இறக்குவது. வற்றம் நெருங்கும்போது ஜெட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே மூன்று, நாலு மீட்டர் இருக்கும், தூக்கு வலை இல்லாமல் ஒரு கிலோ மீனை நரம்பாலேயே தூக்கினால் வழியில் அறுந்து விழும். பச்சைக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது என்று வழிகாட்டி தானாகவே சொல்ல வேண்டும். பையனுக்கு ஜெட்டியின் மேலேயே லைஃப் ஜாக்கெட், அவன் அளவுக்கு. பெரியவர்கள் சைஸைக் கட்டிவிட்டால் தண்ணீரில் அது மட்டும் மேலே வந்துவிடும். தொப்பி, ஏதாவது ஒரு கண்ணாடி இரண்டும் அவசியம், பக்கத்து ஆள் வீசும் தூண்டில் முள் முகத்துக்கு நேராக வரும். ஒரு வழிகாட்டிக்கு நாலு பேருக்கு மேல் என்றால் நான் குழந்தையைக் கூட்டிப் போகமாட்டேன். கழிப்பறை எங்கே என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள், அப்பாவுக்கு அதுதான் முக்கியமான கேள்வியாக இருக்கும்.

உங்கள் அப்பா சின்ன வயதில் காரைக்காலில் தூண்டில் போட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ராடு கொடுக்கச் சொல்லாதீர்கள், கைத்தூண்டில் கேளுங்கள். கட்டையில் சுற்றிய தங்கூசி நரம்பு, ஈயம், ஒரு முள், போதும். ஜெட்டியில் நேர் கீழே தூண் ஓரத்தில் இறக்குவதற்கு அதைவிடத் தோதானது எதுவும் இல்லை, விரலிலேயே கடி தெரியும், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிடிக்கலாம். கோலிப் பெரியவர்கள் பலரும் இன்றும் அப்படித்தான் பிடிக்கிறார்கள், பாஷை தெரியாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். பையனுக்கு ஏழடி ராடும் சாதாரண ஸ்பின்னிங் ரீலும் சரி. பொய் இரை வீசிப் பிடிக்கும் பாணி பார்க்க ஜோராக இருக்கும், கலங்கலில் முதல் நாளே அதைச் செய்தால் மூன்று மணி நேரம் கை வலிதான் மிச்சம். இரையில் தொடங்குங்கள்.

மும்பை ஜெட்டிகளின் அடியில் பழைய கயிறு, கிழிந்த வலை, பிளாஸ்டிக் என்று ஒரு குடோனே கிடக்கிறது. ஈயம் சிக்கிக்கொண்டே இருக்கும். தெரிந்த வழிகாட்டி ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டுவார், சிக்கினால் அந்த மெல்லியது அறுந்து ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் தப்பும். அறுந்துபோகும் சாமானுக்குத் தனிக் காசா, 2,500க்குள் அடங்குமா என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ரொம்ப வாக்குவாதம் நடப்பது இதில்தான்.

பணம். முழு முன்பணம் கொடுக்காதீர்கள். கால் பங்கு, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு, மீதி ஜெட்டியில். நாளை மாற்றுவது எப்போது, ரத்து செய்வது யார், ரத்தானால் பணமா வேறு தேதியா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். டிசம்பரில் அரபிக்கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும், ஆனால் உத்தரவாதம் இல்லை. 2017இல் ஒக்கிப் புயல் கன்னியாகுமரியைச் சிதைத்துவிட்டு டிசம்பர் முதல் வாரத்தில் மும்பைக்கு மழை கொண்டுவந்தது, இங்கே பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள், நம் ஊர்ப் படகுகள் பல தேவ்கட் பக்கம் ஒதுங்கி உயிர் தப்பின. அப்படி எச்சரிக்கை வந்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். மீன் வரவில்லை என்பதற்குப் பணம் திரும்பக் கேட்பது நியாயமில்லை, ஓத நேரம் தவறிப் போனதற்குக் கேட்பது நியாயம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தை ஓர் ஏற்பாட்டாளர் ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு ஒன்பதரைக்கு ராடோடு வந்து சேர்ந்தார், அதற்குள் தண்ணீர் வடிந்துவிட்டது, ‘இன்னைக்கு மீன் இல்லை, கடல் அப்படி’ என்று கடல் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனார். ஓத மணியை எழுத்தில் வாங்கியிருந்தால் அவரிடம் கேட்க ஒரு பிடி இருந்திருக்கும்.

ஜெட்டி என்று சொல்லிவிட்டு அங்கே போனதும் ‘பத்து நிமிஷம் படகில் போனால் பெரிய மீன்’ என்று கூட்டிப் போவது உண்டு. படகு என்றால் அது வேறு ஒப்பந்தம். பதிவு எண் படகின் மேல் எழுதியிருக்க வேண்டும், ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும், இருட்டுக்கு முன் திரும்ப வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று எலிஃபண்டா போன பயணிகள் படகில் கடற்படையின் வேகப் படகு மோதிப் பல உயிர்கள் போனது நினைவிருக்கும், அமைதியான பகல் நேரத்தில் நடந்தது அது. குழந்தையோடு முதல் தடவை என்றால் ஜெட்டியை விட்டு நகராதீர்கள்.

பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்றால், மனோரி, கோராய் முகத்துவாரப் பக்கம் கிடைத்த டோமாவையும் களவாவையும் நான் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். மாஹிம் கழிமுகத்தில், மிதி ஆறு கலக்கும் பக்கத்தில் பிடித்ததைச் சாப்பிட மாட்டேன், அடியில் மேயும் கெளுத்தியை அங்கே தொடவே மாட்டேன். குஞ்சு மீனைத் திருப்பி விடுங்கள். மகாராஷ்டிரா அரசு 2023இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்திருக்கிறது, அது வணிகப் பிடிப்பை மனதில் வைத்து வந்ததுதான் என்றாலும் உள்ளங்கை அளவு களவாவைக் கூடையில் போடுவதில் என்ன இருக்கிறது? கடற்குதிரை, வேளா எனப்படும் ரம்ப மூக்கு மீன் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, தவறி மாட்டினால் படம் எடுக்க நிற்காமல் விட்டுவிட வேண்டும். ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள், முலுண்டுக்கு ரயிலில் திரும்பும் நேரத்துக்கு ஈரத்துணி தாங்காது.

இதை எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டால் அவர் பயந்துவிடுவார். முதல் மெசேஜில் மூன்று மட்டும் கேளுங்கள்: எந்த ஜெட்டி, நான் சொல்லும் தேதியில் பர்தி எத்தனை மணிக்கு, ஷிங்காளா வந்தால் யார் கழற்றுவார்கள். பர்தி என்றால் ஏற்றம், அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். அவர் சொல்லும் மணி உங்கள் முக்கால் கணக்கோடு ஒரு மணி நேரத்துக்குள் ஒத்துப்போனால் மேற்கொண்டு பணம் பற்றிப் பேசலாம். ஒத்துப்போகவில்லை, அல்லது ‘நம்ம டைமிங் எப்பவும் 6 டு 10 தான் சார்’ என்று பதில் வந்தால் 7,500 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஏகாதசியை ஒட்டி விடியற்காலையில் மார்வேயிலிருந்து மனோரிக்குப் படகு ஏறி, அங்கே இறால் விற்கும் அம்மாவிடம் கால் கிலோ வாங்கி, கைத்தூண்டில் போட இடம் எது என்று அவரிடமே கேட்டால், பெரும்பாலும் தன் பையனையோ பேரனையோ கூட அனுப்புவார். அவனுக்கு நியாயமாக ஏதாவது கொடுங்கள், லைஃப் ஜாக்கெட்டும் வெந்நீர் பிளாஸ்க்கும் நீங்கள் எடுத்துப் போங்கள்.